இருபத்தாறு சிவப்பு மூடிகள்

மார்ச் 2
குழாய் யார்டு

திட்ட அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் கணவனின் அப்பா. குழாய் யார்டின் உரிமையாளர் என்று எழுதியிருக்கலாம். இரண்டு வருஷமாக முதல் உறவைச் சொல்லிக்கொள்ளாதவன் இரண்டாவதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை என்னோடு சேர்த்து ஏழு பேர் படித்தார்கள். அதில் நான்கு பேர் குழாயைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். அவர்கள் முன்னால் உங்களோடு வாய்ச்சண்டை போட எனக்கு இஷ்டமில்லை. என் மகனிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன குழாயா, இந்தப் பக்கம் ஊத்தி அந்தப் பக்கம் எடுக்க? நீங்களே பேசிக்குங்கப்பா" என்று போனை வைத்துவிட்டான். அதனால் உங்கள் கப்பலுக்குக் குழாய் ஏற்றி வரும் படகின் தபால் பையிலேயே இதைப் போடுகிறேன். ஒன்றரை நாளில் உங்கள் கைக்கு வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அங்கே பார்ப்பதும் நான் இங்கே பார்ப்பதும் ஒரே சரக்குதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கடலடியில் நீங்கள் பதிப்பதற்காக என்னிடம் வரும் குழாய் இரண்டு வகை. மெல்லிய இரும்பு, தடித்த இரும்பு. வெளியே கான்கிரீட் பூசிவிடுவதால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாய் விளிம்பில் அளந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதற்காக ஆலையில் மெல்லியதற்கு நீல மூடி, தடித்ததற்குச் சிவப்பு மூடி போட்டு அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் ஓர் எண். அந்த எண்ணையும் கனத்தையும் நான் பட்டியலில் எழுதிப் படகோடு அனுப்புகிறேன்.

ஏழாவது படகில் இருபத்தாறு குழாய்களுக்குப் பட்டியல் 'மெல்லியது' என்கிறது, மூடி சிவப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த இருபத்தாறையும் மெல்லிய அடுக்கிலிருந்து கிரேனில் தூக்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். பட்டியல் என் கையெழுத்து. மூடி எப்படிச் சிவப்பானது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பட்டியல் சரி. பட்டியலை நம்புங்கள்.

பழைய இரும்பு விற்றவன் சொல்லை எதற்கு நம்ப வேண்டும் என்று தோன்றலாம். முப்பது வருஷம் பழைய இரும்பு விற்றவனுக்கு இரும்பின் கனம் தெரியும்.

இப்படிக்கு,
யார்டு


மார்ச் 4
கப்பல்

ஐயா,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதுவதா, மின்னஞ்சலிலேயே முடிப்பதா என்று யோசித்தேன். நீங்கள் காகிதத்தில் எழுதியதால் நானும் காகிதத்தில் எழுதுகிறேன்.

பழைய இரும்பு என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. எப்போதும் எடுத்ததில்லை. உங்கள் வீட்டு வரவேற்பறையில் அன்று நீங்கள் சொன்னது, "வருஷத்துல ஆறு மாசம் கடல்ல கிடக்கிற பொண்ணு இந்த வீட்டுக்கு எதுக்கு?" நான் சொன்னது, "வீட்டுக்கு வரல, உங்க மகனுக்குத்தான் வந்தேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நடக்கவில்லை. மற்றதெல்லாம் பிற்பாடு யாரோ சேர்த்தது.

வேலைக்கு வருகிறேன். நாளை காலை கப்பல், பெரிய சரக்குக் கப்பல்கள் நங்கூரம் போடும் பகுதிக்குள் நுழைகிறது. அந்த நீளம் முழுக்கத் தடித்த குழாய்தான் போக வேண்டும். நங்கூரம் மேலே விழுந்தால் மெல்லியது தாங்காது, நசுங்கிவிடும். ஏழாவது படகின் இருபத்தாறையும் தடித்தவை என்று எடுத்துக்கொண்டு வரிசையில் சேர்த்துவிட்டேன். இல்லாவிட்டால் அடுத்த படகு வரும்வரை கப்பல் சும்மா நிற்க வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் நாட்கள் இன்னும் பதினாறுதான்.

ஏன் மூடியை நம்பினேன் என்று கேட்பீர்கள். மூடியின் நிறம் ஆலையில் போட்டது. பட்டியல் உங்கள் யார்டில் எழுதியது. வழியில் கை பட்டது எது என்று பார்த்தால் பட்டியல்தான். வாய்க்குள் இருக்கும் எண்களைப் பார்த்தோம். எண்கள் உங்கள் பட்டியலோடு ஒத்துப்போகின்றன. ஆனால் எண்ணுக்கு எதிரே கனத்தை எழுதியவர் நீங்கள்தானே? சந்தேகத்துக்கு ஒன்றை அளக்கவும் சொன்னேன். மேல்தள மேஸ்திரி அளந்துவிட்டு வந்து, "தடிச்சதுதாம்மா, சந்தேகமே வேண்டாம்" என்றார்.

ஆகவே, இந்த இருபத்தாறைப் பொறுத்தவரை உங்கள் பட்டியலை ஒதுக்கிவைக்கிறேன். பொறுப்பு என்னுடையது.

உங்கள் மகன் நலமா? அவர் எனக்கு எழுதுவதில் பாதி வானிலை, மீதி பூனை.

இப்படிக்கு,
திட்ட அதிகாரி


மார்ச் 6
குழாய் யார்டு

திட்ட அதிகாரிக்கு,

கப்பலை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தக் காகிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரியும். ஆனாலும் முதல் வரியில் அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நேற்று மாலை உங்கள் பதில் வந்தது. மேஸ்திரி அளந்தார், தடித்தது என்றார் என்று படித்ததும் எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. வயசாகிவிட்டது, அடுக்கை மாற்றித் தூக்கிவிட்டோமோ? விடிந்ததும் யார்டுக்குப் போய், மிச்சம் கிடக்கும் தடித்த குழாய்களை ஒவ்வொன்றாக நானே அளந்தேன். இருக்க வேண்டியது எத்தனையோ அத்தனையும் இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை. அப்படியானால் உங்களுக்கு வந்த இருபத்தாறு மெல்லியதேதான். பட்டியல் சரி, மூடி தப்பு. ஆனால் எப்படி? அங்கேயே ஒரு குழாய்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து எதிரே பார்த்தேன். நம் ஆட்கள் ஒன்பதாவது படகுக்குக் குழாய் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் மூடிகள் வெடித்துவிடும். வெடித்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த கோணிப்பையில் கையை விட்டு வேறொரு மூடியை எடுத்து மாட்டுகிறார்கள். அந்தக் கோணிப்பை உங்கள் கப்பலிலிருந்து வந்தது. அங்கே கழற்றும் மூடிகளை நீங்கள் படகில் திருப்பி அனுப்புகிறீர்களே, அதுதான். நீலமும் சிவப்பும் கலந்து கிடக்கிறது. கைக்கு எது வருகிறதோ அது.

எங்கள் சரக்குக் கணக்கர் ஒருவர் உண்டு. கண்ணால் பார்த்தே எடை சொல்வார், எல்லாரும் 'தராசு' என்றுதான் கூப்பிடுவோம். அவரைப் பிடித்தேன்.

"யோவ் தராசு, யாருய்யா இப்படி மாட்டச் சொன்னது?"

"நீங்கதான் முதலாளி."

"நானா?"

"ஒரு மூடிகூட வீணாப் போகக் கூடாது, திரும்பி வந்ததையே மாட்டுங்கன்னு சொன்னீங்களே, போன மாசம். இதே இடத்துலதான் நின்னீங்க."

"நிறம் பாத்து மாட்டணும்னு தெரியாதா?"

"நிறத்தப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலயே."

சொல்லவில்லைதான். எனக்கே தோன்றவில்லை. சின்ன வயதில் குப்பையில் கிடந்த டப்பா மூடிகளைப் பொறுக்கித் தேய்த்து விற்றுத்தான் தொழிலுக்கே வந்தேன். மூடி என்றால் எனக்கு மூடிதான். அதற்குச் சேதி சொல்லும் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பது மண்டையில் ஏறவில்லை.

கப்பலுக்கு நேராகப் போன் கிடையாது, யார்டில் காலையிலிருந்து இணையமும் இல்லை, உடனே திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "மூடிகள் கலந்துவிட்டன, தப்பு என்னுடையது, கப்பலுக்குத் தகவல் சொல்லுங்கள்" என்றேன். அங்கே போனை எடுத்த பெண் பொறுமையாக எழுதிக்கொண்டாள். அரை மணி கழித்து வேறு ஒருவர் கூப்பிட்டு, மூடிப் பற்றாக்குறைக்கு வருந்துகிறோம், இரண்டு பை புது மூடி அனுப்பிவைக்கிறோம் என்றார். நான் கத்தினேன். "புகார் எண் தர்றேன், குறிச்சுக்குங்க சார்" என்றார். மறுபடியும் கூப்பிட்டேன். தலைமைப் பொறியாளர் கூட்டத்தில் இருக்கிறாராம். என்ன கூட்டம்? யார்டுகளில் சிக்கனம் என்று கூட்டம்.

படகு கிளம்பப் போகிறது. ஒன்று மட்டும் புரியவில்லை. உங்கள் மேஸ்திரி அளந்தது தடித்தது என்றால், அவர் எந்தக் குழாயை அளந்தார்?

யார்டு


மார்ச் 6
கப்பல்

ஐயா,

உங்களிடமிருந்து புதுக் கடிதம் எதுவும் வரவில்லை. அதற்குள் நானே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை, அந்த வரிசையின் முதல் குழாயைப் பற்றவைக்கும்போது வெல்டர்கள் கூப்பிட்டார்கள். முந்தின குழாயும் இதுவும் உள்விளிம்பில் ஒட்டவில்லை, படிபோல இருக்கிறது என்றார்கள். தேய்த்துச் சரிசெய்து பற்றவைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி எப்போதாவது நடப்பதுதான். சில மணி நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் படி, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக. மறுபடியும் தேய்த்தார்கள். மறுபடியும் கையெழுத்து.

இன்று காலை பதிவேட்டைப் புரட்டும்போதுதான் இரண்டு கையெழுத்துக்கும் நடுவே எத்தனை குழாய் என்று எண்ணினேன். இருபத்தாறு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று நான்கு முறை எண்ணினேன். குழாயின் கனம் மாறும் இடத்தில்தான் அப்படிப் படி விழும்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "அண்ணே, அன்னிக்கு எந்தக் குழாய அளந்தீங்க?"

"சிவப்புல ஒண்ணு அளக்கச் சொன்னீங்க. ஓரமா கிடந்தத அளந்தேன்."

"அந்த இருபத்தாறுல ஒண்ணா?"

"எந்த இருபத்தாறு?"

அவர்மேல் தப்பு இல்லை. சிவப்பில் ஒன்று என்றுதான் சொல்லியிருக்கிறேன். மேல்தளத்தில் அன்று அறுபது சிவப்பு இருந்தது. உண்மையிலேயே தடித்தவற்றில் ஒன்றை அவர் அளந்திருக்கிறார். எண்ணைச் சொல்லி அளக்கச் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை.

முந்நூறு மீட்டருக்கு மேல், நங்கூரம் விழும் இடத்தில், மெல்லிய குழாய் கிடக்கிறது. அதற்குப் பிறகும் இருநூறு குழாய்க்கு மேல் பதித்துவிட்டோம். கப்பலை நிறுத்தச் சொல்லி அறிக்கை கொடுத்தேன். நின்றுவிட்டது. இனிப் பின்னால் நகர்ந்து, பதித்ததை ஒவ்வொன்றாக மேலே எடுத்து, வெட்டி, திரும்பப் பதிக்க வேண்டும். ஐந்து நாளாவது போகும்.

அறிக்கையில், யார்டிலிருந்து தவறான மூடிகளோடு குழாய்கள் வந்தன என்று எழுதியிருக்கிறேன். அது பொய்யில்லை. மூடி எப்படி மாறியது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் இரண்டாம் தேதிக் கடிதத்தைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. அது அலுவலகக் கடிதம் இல்லையே. உறவுமுறை போட்டு ஆரம்பித்த கடிதம். அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பத்தியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதுவும் சரியில்லை. படகு கிளம்புகிறது.

திட்ட அதிகாரி


மார்ச் 8
குழாய் யார்டு

அம்மா,

நம் இரண்டு பேர் கடிதமும் நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கிறது. என் மூடிக் கதை உன் கைக்கு வந்திருக்கும். நீங்கள் என்றே எழுதிவந்தேன், இன்றைக்குப் பேனா கேட்கவில்லை. கோபம் வந்தாலும் நீதான் வரும், மற்றதற்கும் நீதான் வரும். எது என்று எனக்கே தெளிவில்லை.

உன் அறிக்கை எல்லாருக்கும் போய்விட்டது. பத்தாம் தேதி யார்டுக்கு விசாரணை வருகிறது. தலைமைப் பொறியாளர் போனில், "உங்க யார்டைத் தொடர விடுறது கஷ்டம்" என்றார். மூடி என் தப்புதான், அதை விசாரணையில் நானே முதலில் சொல்லப் போகிறேன். மறைத்துவைத்தால் நாறும் சரக்கு அது. மிச்சம் இருக்கும் குழாய் அத்தனையையும் அளந்து, மூடியை விட்டுவிட்டு, கான்கிரீட் மேலேயே பட்டையாகச் சாயம் அடித்திருக்கிறேன். பட்டையைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்ட முடியாது.

ஆனால் அவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள். 'தெரிந்தபிறகு கப்பலை எச்சரித்தீர்களா?'

எச்சரித்தேன். பட்டியலை நம்புங்கள் என்று எழுதினேன். அந்தக் காகிதம் உன்னிடம் இருக்கிறது. பட்டியலை ஒதுக்கிவைக்கிறேன், பொறுப்பு என்னுடையது என்று நீ கையெழுத்துப் போட்ட காகிதம் என்னிடம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன், இந்த உறைக்குள் பார். அசல். காப்பி எடுக்கவில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து காப்பி எடுக்காமல் நான் கைவிட்ட முதல் காகிதம் இது. உறைக்குள் போட்ட கையோடு, திரும்ப எடுத்துவிடலாமா என்று ஒரு தடவை யோசித்தேன். மறைக்க மாட்டேன்.

நான் பெருந்தன்மைக்காரன் என்று நினைத்துவிடாதே. கணக்கை நேராகச் சொல்கிறேன். முழுப் பழியும் யார்டின்மேல் விழுந்தால் யார்டு போகும், எழுபது பேருக்கு வேலை போகும். பாதி கப்பல்மேல் விழுந்தால் யார்டு ஒருவேளை நிற்கும், நீ இறங்க வேண்டியிருக்கும். அந்தக் காகிதத்தை நான் மேஜையில் வைத்தால் நீ என் மருமகளாக இருக்க மாட்டாய். வைக்காவிட்டால் நான் வியாபாரியாக இருக்க மாட்டேன். இரண்டு நாளாக இதையே போட்டு உருட்டுகிறேன், ஒரு முடிவும் கிடைக்கவில்லை. அதனால் உன்னிடம் அனுப்பிவிட்டேன். உனக்காவது கிடைக்கிறதா பார்.

என் மகனிடம் சொல்லவில்லை. வந்தான், யார்டில் சாயம் அடிப்பதைப் பார்த்தான். "என்னப்பா, திடீர்னு எல்லாத்துக்கும் பட்டை போடுறீங்க?" என்றான். "சும்மா, அழகுக்கு" என்றேன். நம்பவில்லை.

மாமா


மார்ச் 12
குழாய்ப் படகு

மாமா,

இதை எழுதுவது கப்பலில் இல்லை. உங்கள் யார்டுக்குத் திரும்பிவரும் படகில். அருகில் காலிக் கோணிப்பைகள். மூடி எதுவும் இல்லை, இனி அங்கேயே நொறுக்கிவிடச் சொல்லிவிட்டேன்.

உங்கள் உறை ஒன்பதாம் தேதி மாலை வந்தது. என் கையெழுத்தை எடுத்துப் பார்த்தேன். 'பொறுப்பு என்னுடையது.' எழுதும்போது அது ஒரு வழக்கமான வரி. எல்லாக் கடிதத்திலும் போடுவேன். அதற்கு அர்த்தம் இருக்கும் என்று நினைத்துப் போட்டதில்லை.

மறுநாள் காலை, நீங்கள் அங்கே விசாரணைக்கு உட்கார்ந்த நேரம் கப்பலில் நான் தலைவர் அறைக்குப் போனேன். இரண்டு காகிதத்தையும் வைத்தேன். உங்களுடையது மேலே, என்னுடையது கீழே. அவர் முதல் வரியைப் படித்துவிட்டு, "இது குடும்பக் கடிதம் போலயே?" என்றார். "ஆமா சார், ஆனா சரியா இருந்தது இதுதான்" என்றேன்.

உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். யார்டு, இந்தப் பருவம் முடியும்வரை, ஒரு கண்காணிப்பாளரோடு தொடரும். என்னை இறக்கிவிட்டார்கள். இருபத்தாறில் இருபதை இன்று காலைவரை மேலே எடுத்திருந்தார்கள். மீதி ஆறையும் என் கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த ஒன்றுதான் மனதில் நிற்கிறது. வேலை போனது இன்னும் உள்ளே இறங்கவில்லை.

நீங்கள் எனக்காகத்தான் அனுப்பினீர்களா, சோதித்துப் பார்க்க அனுப்பினீர்களா, கைகழுவ அனுப்பினீர்களா என்று வழி முழுக்க யோசித்தேன். கேட்டால் உங்களுக்கும் தெரியாது என்று சொல்வீர்கள். அதை நம்புகிறேன்.

உங்கள் மகனிடம் நான் வருவதைச் சொல்லவில்லை. இறங்கியபின் எங்கே போவது என்றும் முடிவு செய்யவில்லை. எங்கள் வாடகை வீட்டுச் சாவி அவரிடம். இன்றும் நாளையும் அவருக்கு வெளியூர் வேலை. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வேறு கதவு உங்களுடையதுதான். அதற்குள் நான் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன். அந்தத் தடவை எப்படிப் போனேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதனால் இப்படிச் செய்கிறேன். படகு கரை சேர்ந்ததும் தபால் பை முதலில் உங்களிடம் வரும். நான் மேலேயே, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருப்பேன். நீங்கள் இதைப் படித்து முடியுங்கள். என்னைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் அலுவலகத்துக்குள் போய்விடுங்கள். நான் கடைசி ஆளாக இறங்கி, கேட் வழியாகப் போய்விடுவேன். வருத்தம் இருக்காது என்று சொல்ல மாட்டேன்.

எதிரில் நின்று இவ்வளவு பேச எனக்கு வராது. அதனால்தான் ஒரே படகில் நானும் வருகிறேன், கடிதமும் வருகிறது.

மருமகள்


மார்ச் 13
(சரக்கு இறக்கும் சீட்டின் பின்பக்கம், பென்சிலில், தராசு கையில் கொடுத்தனுப்பியது)

படித்தாச்சு. வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பாய்? இறங்கி வாம்மா. ஏணியில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கு. பெட்டியைத் தூக்க வேண்டாம், தராசு எடுத்து வருவார். நான் கீழேதான் நிற்கிறேன்.